வளவு வெயிலில் ஸ்கிரீன் பிரிண்டிங்: வீட்டில் தொடங்குகிறவர்கள் கேட்கிற கேள்விகள்

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு துணிப்பை, பனியன், பத்திரிகை உறை என்று கையால் அச்சடிக்கிறேன். வளவு என்பது இந்த வீடுகளின் நடுவே வானம் பார்த்துக் கிடக்கிற முற்றம். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் உண்டு. பை வாங்க வந்த இடத்தில் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு "இத நம்ம வீட்ல பண்ண முடியுமா?" என்று கேட்கிறவர்கள் அதைவிட அதிகம். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும், வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது உண்மையில் என்ன வேலை?

கோலத் தட்டு பார்த்திருப்பீர்கள். தகரத்தில் பொடிப்பொடியாகத் துளை போட்டு, மாவைக் கொட்டித் தேய்த்தால் துளை உள்ள இடத்தில் மட்டும் மாவு இறங்கும். இதுவும் அதேதான். தகரத்துக்குப் பதில் பாலியெஸ்டர் வலை, மாவுக்குப் பதில் மை, கைக்குப் பதில் ரப்பர் பட்டை வைத்த ஸ்குவீஜி. படம் விழ வேண்டிய இடத்தில் வலை திறந்திருக்கும், மற்ற இடம் அடைபட்டிருக்கும்.

தகரத்தில் முடியாத ஒன்று வலையில் முடியும். தகரத்தில் ஒரு வட்டத்தை முழுசாக வெட்டினால் நடுத்துண்டு கீழே விழுந்துவிடும்; அதனால்தான் கோலத் தட்டில் கோடெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. வலை நடுத்துண்டைத் தாங்கிக்கொள்ளும். ‘ழ’வும் ‘ஞ’வும் சுழியோடு அப்படியே வரும். நடுவீட்டுக் கோலத்தை ஒரு கண்ணி விடாமல் பையில் இறக்கலாம்.

முன்பு இந்த வலை பட்டில் இருந்தது. மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் வயதானவர்கள் சில்க் ஸ்கிரீன் என்று சொல்வது அந்தப் பட்டை வைத்துத்தான்.

தொடங்க என்னென்ன வாங்க வேண்டும்?

பெட்டியில் போட்டு "செட்" என்று விற்பதை வாங்க வேண்டாம். அதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது, தேவைப்படுகிற பாதி தரமாக இருக்காது. மெஷ், அதாவது வலை, கட்டிய பிரேம் ஒன்று (இதுதான் ஸ்கிரீன்), அதன் உள் அகலத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு ஸ்குவீஜி, வெளிச்சம் பட்டால் இறுகி வலையை அடைக்கிற போட்டோ எமல்ஷன் சின்ன டப்பா, துணி மை ஒரு நிறம், பிரவுன் டேப் ஒரு சுருள். இவ்வளவுதான் கடைச் சாமான். மீதி வீட்டிலேயே கிடக்கும்: பழைய சாமி படத்துக் கண்ணாடி, கறுப்புத் துணி, ஆடாத மேசை, கதவுக் கீல் இரண்டு.

பிரேம் அளவில் கஞ்சத்தனம் கூடாது. படத்தைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டு, இரண்டரை அங்குலம் சும்மா கிடக்க வேண்டும். ஏ4 தாள் அளவுப் படத்துக்கு உள்ளளவு 13-க்கு 17 அங்குலம் இருந்தால் கை தாராளமாக ஓடும். ஓரத்தை ஒட்டிப் படம் வைத்தால் ஸ்குவீஜி அங்கே அழுந்தாது, மை வெளுத்து விழும்.

அலுமினிய பிரேம் தண்ணீருக்கு அசையாது. மரம் முறுக்கிக்கொள்ளும், நன்றாக ஊறிக் காய்ந்த பழந்தேக்கு மட்டும் விதிவிலக்கு. என் முதல் பிரேம் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய உடைந்த படச்சட்டம், இன்னும் உழைக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: சட்டத்துக்குள் ரவி வர்மா படம் இருந்தால் கழற்றி வீசிவிடாதீர்கள். அதுவும் ஒரு காலத்தில் கல்லச்சில் ஒவ்வொரு நிறமாக ஏற்றி அடித்ததுதான்; நம் தொழிலுக்குப் பெரியப்பா முறை.

மெஷ் நம்பர் என்று கடைக்காரர் கேட்கிறார். என்ன சொல்வது?

துணிக்கு 43 முதல் 55 வரை. தாளுக்கு 90 முதல் 120 வரை. இது ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்ற கணக்கு. நம்பர் ஏற ஏறக் கண் சின்னதாகும், மை குறைவாக இறங்கும், கோடு நுணுக்கமாக வரும்.

குழப்பம் எங்கே என்றால், சில கடையில் அங்குலக் கணக்கில் சொல்வார்கள். அங்குலத்துக்கு 110 என்பதும் சென்டிமீட்டருக்கு 43 என்பதும் ஒரே வலைதான். பத்திரிகை உறைக்கென்று 110 கேட்டு வாங்கி வந்து, எழுத்தெல்லாம் கஞ்சியாய் ஊறிப் போனவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். "சென்டிமீட்டரா, இஞ்ச்சா?" என்று கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள். நைலான் வலை நனைந்தால் தொய்யும். பாலியெஸ்டரே கேளுங்கள்.

பாசிட்டிவ் எப்படி எடுப்பது?

பாசிட்டிவ் என்பது அச்சில் விழ வேண்டிய படத்தை வெளிச்சம் ஊடுருவுகிற தாளில் கறுப்பில் எடுத்த பிரதி. படம் கன்னங்கரேல் என்றும் தாள் கண்ணாடி மாதிரியும் இருக்க வேண்டும், அவ்வளவே. டிரேசிங் தாளிலோ ஓஹெச்பி ஷீட்டிலோ லேசர் பிரிண்ட் எடுத்து, பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கறுப்புக்குள் வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிந்தால் அது போதாது. இன்னொரு பிரதி எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக நூல் பிசகாமல் ஒட்டுங்கள். ஷீட் கிடைக்காத அவசரத்தில் சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்து நல்லெண்ணெய் தடவித் துடைத்தும் செய்திருக்கிறேன். வேலை நடக்கும், நேரம் கூட வைக்க வேண்டும், அறை முழுக்கத் தாளிப்பு வாசனை அடிக்கும்.

முதல் படத்துக்கு முகம், நிழல், பூவேலைப்பாடு எதுவும் வேண்டாம். தடித்த கோட்டில் ஒரு புள்ளிக் கோலம். அதில் ஜெயித்தால் மற்றது தானாக வரும்.

எமல்ஷன் பூச இருட்டறை வேண்டுமாமே?

வேண்டும். ஆனால் செட்டிநாட்டு வீட்டில் இருக்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்றாகக் கட்டிய அறைகளில் பாதிக்கு ஜன்னலே கிடையாது. கனத்த கதவைச் சாத்தினால் பட்டப்பகலில் நடுராத்திரி. போட்டோகிராபர்கள் காசு செலவழித்துக் கட்டுகிற அறையை நூறு வருஷத்துக்கு முன்பே தேக்கும் சுண்ணாம்புமாகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முழு இருட்டும் தேவையில்லை. எமல்ஷன் நீலம், ஊதா, அதற்கு மேலான புற ஊதாக் கதிருக்குத்தான் மசியும். மஞ்சள் பல்பு ஒன்று போட்டுக்கொண்டு நிதானமாக வேலை பார்க்கலாம்.

முதலில் மெஷ்ஷை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் எமல்ஷன் பிடிக்காது. பிறகு பிரேமைச் சாய்த்துப் பிடித்து, எமல்ஷன் பூசுகிற கோட்டர் இருந்தால் அதால், இல்லையென்றால் நேரான விளிம்புள்ள பட்டையால் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. துணியைத் தொடுகிற வெளிப்பக்கம் ஒரு பூச்சு, ஸ்குவீஜி ஓடுகிற உள்பக்கம் ஒரு பூச்சு. பூசும்போது தோசைக்கு எண்ணெய் தடவுகிற அளவு நினைவில் இருக்கட்டும். அடைக்கு ஊற்றுகிற அளவு வேண்டாம். வெளிப்பக்கம் கீழே பார்க்கப் படுக்க வைத்து, மின்விசிறியைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். முழுக்கக் காயாமல் வெயிலுக்குக் கொண்டுபோனால் கழுவும்போது எல்லாம் ஒழுகிப் போகும். தொடங்குகிறவர்கள் கெடுத்துக்கொள்கிற ஸ்கிரீனில் பெரும்பாலானவை இந்த ஈரத்தில் போனவைதான்.

ஸ்கிரீனுக்கு வெளிச்சம் காட்டுகிற எக்ஸ்போசிங் பெட்டி இல்லாமல் வெயிலிலேயே செய்யலாமா? எவ்வளவு நேரம்?

செய்யலாம். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன். வெளிச்சம் பட்ட இடத்தில் எமல்ஷன் இறுகும். கறுப்பு மறைத்த இடத்தில் இளகியே இருந்து தண்ணீரில் கரைந்து போகும். டியூப்லைட் பெட்டியில் வெளிச்சம் நாலா பக்கமிருந்தும் சாய்ந்து வந்து கறுப்புக்கு அடியில் நுழையும். சூரியன் ஒரே திசையிலிருந்து வருவதால் கோட்டின் ஓரம் கத்தி மாதிரி நிற்கும்.

முறை இது. பலகைமேல் கறுப்புத் துணி, அதன்மேல் மெஷ்ஷுக்குள் அடங்குகிற ஸ்பாஞ்சு, அதன்மேல் ஸ்கிரீனின் வெளிப்பக்கம் மேலே பார்க்க. அதன்மேல் பாசிட்டிவ், அதன்மேல் கண்ணாடி. பாசிட்டிவ்வை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் எல்லோருக்கும் ஒரு தடவை தவறும். ஸ்குவீஜி ஓடுகிற உள்பக்கமிருந்து பார்த்தால் எழுத்து நேராகப் படிக்க வர வேண்டும். மேலேயிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி இருக்க வேண்டும். எல்லாவற்றையும் இருட்டறையிலேயே அடுக்கி, போர்வை போர்த்தி, வளவுக்குத் தூக்கி வாருங்கள்.

நேரத்துக்கு நான் ஒரு எண் சொன்னால் அது உங்களைக் கெடுக்கும். எமல்ஷன், பூச்சுக் கனம், மாதம், மணி எல்லாவற்றுக்கும் ஏற்ப அது மாறும். அதனால் முதல் ஸ்கிரீனைப் பரீட்சைக்கே பலி கொடுங்கள். கண்ணாடிமேல் கறுப்பு அட்டை ஒன்றை வைத்து, 30 நொடிக்கு ஒரு தடவை இரண்டு விரல் அகலம் நகர்த்திக்கொண்டே போங்கள். ஐந்து தடவை நகர்த்தினால் 30 நொடியிலிருந்து 150 நொடி வரை ஐந்து பட்டை. கழுவியதும் எந்தப் பட்டையில் கோடு சுத்தமாகத் திறந்து, சுற்றியுள்ள இடம் கெட்டியாக நிற்கிறதோ அதுதான் உங்கள் நேரம்.

என்னிடம் ஒரு பால் கணக்கு நோட்டு இருக்கிறது. பாலுக்குப் பதில் வெயில் கணக்கு. "சித்திரை 6, 12.10, 75 நொடி, சரி." "மார்கழி 11, 12.20, 150 நொடி, பத்தவில்லை." நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறந்த வாரத்திலும், ஆவணி பாதியிலும் உச்சிவெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும். வளவில் நிழல் என்று பெயருக்குக்கூட இருக்காது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். தெற்குத் தாழ்வாரத்தின் ஓட்டு நிழல் வளவைப் பாதி தின்றுவிட, வடக்கு ஓரம்தான் மிஞ்சும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு வெயிலைத் துரத்தித் துரத்தித் தெரிந்துகொண்டேன்.

சித்திரையில் வேறு ஒரு சிக்கல். வளவு முழுக்க வீட்டுக்கார ஆச்சியின் வத்தல் காயும்.

"ஆச்சி, ஒரு ஓரம் மட்டும் வேணும்."

"எம்புட்டு நேரம் தம்பி?"

"ஒன்னேகால் நிமிசம்."

"அதுக்கா இம்புட்டுப் பவ்யம்? வையி. வச்சிட்டு அந்தக் காக்காயையும் வெரட்டு."

அதுதான் எனக்கு இன்றுவரை வளவு வாடகை.

நேரம் முடிந்ததும் உடனே உள்ளே எடுத்துவிடுங்கள். கறுப்புத் துணியும் கண்ணாடியும் சேர்ந்து வெயிலில் அடுப்பாகிவிடும். சூட்டிலேயே எமல்ஷன் இறுகிக்கொண்டால் அப்புறம் எவ்வளவு கழுவினாலும் திறக்காது.

கழுவும்போது படம் திறக்கவில்லை, அல்லது எல்லாமே வழிந்து போகிறது. ஏன்?

திறக்கவில்லை என்றால் வெளிச்சம் அதிகம், அல்லது பாசிட்டிவ் கறுப்பு போதாது. வழுக்கிக்கொண்டு எல்லாம் உரிகிறது என்றால் வெளிச்சம் குறைவு, அல்லது பூச்சு காயவில்லை. பச்சைத் தண்ணீரை இரண்டு பக்கமும் ஊற்றி இரண்டு நிமிஷம் ஊற விட்டு, பிறகு குழாயில் விரலை வைத்து அடியுங்கள். நகத்தால் சுரண்டாதீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஊசிக்கண் அளவு ஓட்டைகள் தெரியும். மிச்ச எமல்ஷனைத் துளி தொட்டு அடைத்து, இன்னொரு தடவை வெயில் காட்டிவிட்டால் சரி.

எந்த மை?

வீட்டுக்குள் தொடங்குகிறவர்களுக்குத் தண்ணீர் மைதான். துணியோடு ஒட்டவைக்கிற பைண்டரில் நிறம் தருகிற பிக்மென்ட்டைக் கலக்க வேண்டியது. நூறு கிராம் பைண்டருக்கு ஐந்து கிராம் பிக்மென்ட்டுக்கு மேல் நான் போவதில்லை. நிறம் தூக்கலாக வரட்டும் என்று பிக்மென்ட்டைக் கொட்டினால், துணியோடு பிடித்துவைக்க பைண்டர் போதாமல் முதல் சலவையிலேயே சாயம் ஓடும்.

தண்ணீர் மை பெரும்பாலும் ஊடுருவித் தெரிகிற மை. மஞ்சப்பையில் நீலம் அடித்தால் பச்சை விழும். "நீலந்தான கேட்டேன்?" என்று வாடிக்கையாளர் நிற்பார். மஞ்சளில் சிவப்பு, அரக்கு, அடர்பச்சை, கறுப்பு நன்றாக நிற்கும். நீலமே வேண்டும் என்றால் மறைப்புத் தன்மை உள்ள காதி மை வாங்க வேண்டும்.

பிளாஸ்டிசால் என்கிற பிளாஸ்டிக் மை பார்க்க அழகு, ஸ்கிரீனில் காயவும் காயாது. ஆனால் அது இறுக 160 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை அளந்து கொடுக்கிற கருவி இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

அடித்தபின் காய்ந்தால் போதாதா? அயர்ன் கட்டாயமா?

கட்டாயம். இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழில் தொடங்கிய வருஷம், ஐப்பசி முகூர்த்தம், 150 தாம்பூலப் பை. வெளியே அடைமழை. தொட்டால் கையில் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று நினைத்து, அன்றைக்கு இரவே கட்டுக் கட்டாக அடுக்கிக் கொடுத்துவிட்டேன். மண்டபத்தில் தண்ணீர் தெளித்து வைத்த வெற்றிலையைப் பைக்குள் போட்டிருக்கிறார்கள். ஈரம் பட்டதும் அரக்கு நிற மை இளகி, மணமக்கள் பெயர் பக்கத்துப் பையிலும், சிலர் பட்டுச் சேலையிலும் பதிந்துவிட்டது. பெண்ணின் தாய்மாமா போனில் கத்தவில்லை. "வந்து பாருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அது கத்தலைவிட மோசம். பைக்காசு முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன்.

காற்றில் காய்வது என்பது தண்ணீர் போவது. பைண்டர் இழையோடு இறுகிப் பிடிப்பதற்குச் சூடு வேண்டும். ஒருநாள் முழுக்க ஆற விட்டு, பருத்திச் சூட்டில் அயர்ன் பாக்ஸை வைத்து, மேலே மெல்லிய துணி போட்டு, நீராவி இல்லாமல், ஒவ்வொரு இடத்திலும் மொத்தம் இரண்டு மூன்று நிமிஷம் சூடு ஏற விடுங்கள். பிறகு ஒரு பையை எடுத்து ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் மறுபடி அயர்ன்.

அச்சடிக்கிற கை முறை என்ன?

பிரேமைக் கீலால் மேசையில் பூட்டுங்கள். முன்பக்க மூலைகளுக்கு அடியில் நாணயம் ஒன்றிரண்டை டேப் போட்டு ஒட்டினால், மெஷ்ஷுக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். ஸ்குவீஜி அழுத்துகிற இடத்தில் மட்டும் மெஷ் துணியைத் தொட்டு, கடந்ததும் டப்பென்று எழும்ப வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மெஷ் ஈரத் துணியில் ஒட்டிக்கொண்டு ஓரமெல்லாம் ஈசிவிடும்.

ஸ்குவீஜியைப் படுக்கப் போடாமல், ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து உங்களை நோக்கி ஒரே சீராக இழுங்கள். ஒரு இழுப்பு. கூடிப்போனால் இரண்டு. காரச் சட்னி வழிக்கிற மாதிரி முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது. தூக்கியதும், துணி இல்லாமலே மையை லேசாக மெஷ்மேல் பரப்பி வையுங்கள். கோடை வெயிலில் தண்ணீர் மை மெஷ் கண்ணுக்குள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். வேர்த்துக் கொட்டினாலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பத்துப் பைக்கு ஒரு தடவை ஸ்பிரே பாட்டிலில் ஒரு பீய்ச்சு. டீ குடிக்கப் போகிறேன் என்று பாதியில் எழுந்து போனவனின் ஸ்கிரீன் டீயோடு போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தைத்த பையில் அடிக்கும்போது அச்சு விட்டுவிட்டு விழுகிறது?

தையல் மேடு. பைக்குள் தையலுக்குள் அடங்குகிற அளவுக்கு அட்டை ஒன்றை நுழைத்து அடியுங்கள். மேடும் தொந்தரவு செய்யாது, மை பின்பக்கமும் ஊறாது.

மஞ்சுவிரட்டுக்குப் பசங்க கறுப்பு பனியன் கேட்கிறார்கள்?

தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு நெருங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும். கறுப்புத் துணிக்குக் காதி வெள்ளை வேண்டும். ஒரு தடவை அடித்து, ஆற விட்டு, அதே இடத்தில் இன்னொரு தடவை. பனியன் பருத்தியா என்று கேட்டுவிட்டு ஆர்டர் பிடியுங்கள். விளையாட்டு ஜெர்சி பாலியெஸ்டராக இருந்தால் இந்த மை பிடிக்காது, வீரர் மாட்டைப் பிடிப்பதற்குள் பெயர் உரிந்துவிடும்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆபத்து ஏதாவது?

இரண்டு இருக்கிறது, இரண்டையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, தின்னர். தாள், பிளாஸ்டிக்குக்கான மைகளுக்குத் தின்னர் வேண்டும். அதன் ஆவி குபீரென்று பற்றும். நம் வீடுகளில் சாமி அறையில் விளக்கு எரியும், அடுப்படி பக்கத்திலேயே இருக்கும். தொடக்கத்தில் தண்ணீர் மை என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டு, பைக்ரோமேட். விலை குறைந்த எமல்ஷன்களோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு உப்போ கரைசலோ கொடுப்பார்கள், அம்மோனியம் பைக்ரோமேட். அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, தோலையும் அரிக்கும். சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் குரோமியத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முடிந்தால் டயஸோ எமல்ஷனோ, கலந்தே வருகிற எமல்ஷனோ வாங்குங்கள். விலை கூடத்தான். பைக்ரோமேட்தான் கிடைத்தது என்றால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

அதைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். வளவில் விழுகிற மழைத்தண்ணீரை அண்டாவில் பிடிப்பதும், மிஞ்சியதை வடிகால் வழியே ஊருணிக்கு விடுவதும் இந்த ஊர்ப் பழக்கம். ஓடுகிற ஆறு இல்லாத சீமை இது. அந்த வடிகாலில் குரோமியத்தைக் கழுவி விடுவது நம் ஊர்த் தண்ணீரில் நாமே விஷம் கலப்பது. மையைக் கூடத் துணியால் வழித்துத் துடைத்துவிட்டு, மிச்சம் மீதியைத்தான் தண்ணீரில் கழுவ வேண்டும்.

கண்டாங்கிக் கட்டத்தை ஸ்கிரீனில் அடித்துச் சேலை விற்கலாமா?

அடிக்க முடியும். விற்காதீர்கள். கண்டாங்கி தறியில் நெய்கிற சேலை. கட்டம் நூலிலேயே இருக்கிறது, துணியின்மேல் ஒட்டிக்கொண்டு இல்லை. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அச்சடித்த துணிக்கு அந்தப் பெயரைச் சொல்லி விற்பது நெசவாளி வயிற்றில் அடிப்பது. மேசை விரிப்பிலோ பையிலோ கட்டம் போட ஆசை என்றால் போடுங்கள், "அச்சு" என்று சொல்லி விற்றுவிடுங்கள்.

இதில் சம்பாதிக்க முடியுமா? இப்போது எல்லாம் பிலிமில் பிரிண்ட் எடுத்துச் சூட்டில் துணிக்கு மாற்றுகிற டிடிஎஃப் மெஷின் வந்துவிட்டதே?

பத்து பனியன், ஒவ்வொன்றிலும் ஏழெட்டு நிறம், ஒரு போட்டோ என்றால் டிடிஎஃப் கடைக்கு அனுப்பிவிடுங்கள், நானும் அனுப்புகிறேன். ஒரே படம், ஒரு நிறம், நூறுக்கு மேல் என்றால் ஸ்கிரீன்தான். கணக்கு எளிது. ஸ்கிரீன் செய்ய உங்கள் கூலியோடு 400 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பத்துப் பைக்குப் பிரித்தால் பைக்கு 40, நூறு பைக்குப் பிரித்தால் 4. அதனால்தான் இருபது பை கேட்கிறவரிடம் நான் தனி விலை சொல்வது. உறவுக்காரர் என்பதற்காக அந்த 400-ஐ விழுங்கிவிடாதீர்கள். செட்டிநாட்டில் எல்லோரும் யாருக்காவது உறவு.

வேலை இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தார்கள். 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் வந்தது. ஒரு காலத்தில் மஞ்சப்பையைத் தூக்கினால் பட்டிக்காட்டான் என்று கேலி செய்தவர்கள், இப்போது கல்யாணத்துக்கு அதையே கேட்டு வாங்குகிறார்கள். கொப்புடை அம்மன் திருவிழா, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற காவடி, அறுபதாம் கல்யாணம், புதுமனை புகுதல் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஓடும். ஆனால் ஆடியில் ஆர்டர் இருக்காது. அந்த மாதம் ஸ்கிரீன் கழுவுகிற மாதம்.

பெயர்ப் பிழை வந்தால் யார் பொறுப்பு?

நீங்கள்தான், எழுதி வாங்காவிட்டால். தாளில் ஒன்று அடித்துக் கொடுத்து, வீட்டுப் பெரியவர் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்குங்கள். மனதுக்குள் படிக்கிறவர்கள் தெரிந்த பெயரைத் தெரிந்தபடியே படித்துவிட்டுப் போவார்கள். இங்கே கோயில் பெயர், ஊர்ப் பெயர், விலாசம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இரணியூர் இரணியூர்தான், ‘ர’ ‘ற’ ஆகிவிட்டால் நூறு பையும் உங்கள் வீட்டுக் காய்கறிப் பைதான்.

பழைய படத்தை எடுத்துவிட்டு அதே மெஷ்ஷில் வேறு படம் செய்யலாமா?

செய்யலாம். கடையில் ரிமூவர் கிடைக்கும். தடவி, இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் தேய்த்து, காய விடாமல் உடனே கழுவிவிட வேண்டும். பாதியில் காய்ந்தால் எமல்ஷன் மெஷ்ஷோடு ஒன்றிப் போகும். பழைய படத்தின் நிழல் மங்கலாகத் தெரிவது பிழை இல்லை. கண் திறந்திருந்தால் அச்சு பாதிக்காது.

இரண்டு நிறம்?

முதலில் ஒரு நிறத்தில் ஐம்பது பை, எல்லாம் ஒரே இடத்தில் விழுகிற மாதிரி அடியுங்கள். அதன்பிறகு வாருங்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை நம்பித் தேதி கொடுக்காதீர்கள். எமல்ஷன் காய்வதற்கே ஒரு பகல் போய்விடும். நான் அந்த இரண்டு மாதத்துக்குத் தேவையான ஸ்கிரீன்களைப் புரட்டாசி வெயிலிலேயே எடுத்து வைத்துவிடுவேன். எக்ஸ்போஸ் ஆகி, கழுவிக் காய்ந்த ஸ்கிரீன் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பெயர் தெரியாத கல்யாணத்துக்கு எப்படி முன்கூட்டியே எடுப்பது என்று கேட்பீர்கள். குத்துவிளக்கு, கோலம், "தங்கள் நல்வரவை நாடும்" இவையெல்லாம் எல்லாக் கல்யாணத்துக்கும் பொது. பெயருக்கு மட்டும் ஒரு சின்ன ஸ்கிரீன் தயாராகப் பூசி இருட்டறையில் கிடக்கும். மழை விட்டு வளவில் வெளிச்சம் விழுந்ததும் ஆச்சிதான் முதலில் பார்ப்பார். "தம்பி, வெயில் வந்திருச்சு" என்று ஒரு குரல் வரும். போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.